இரண்டு திடல், ஒரே சங்கு

தையல் போடும்போது கேள்வி கேட்பது அவருடைய வழக்கம். ஊசி தோலில் இறங்கும் அந்த நொடியில், "எப்படி ஆச்சு? மொதல்ல இருந்து சொல்லுங்க" என்பார். வலியிலிருந்து கவனத்தைத் திருப்பும் தந்திரம் அது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். காயத்தின் காரணத்தை அவர் உண்மையாகவே தேடிக்கொண்டிருந்தார் என்பது, எங்கள் தோட்டத்துக் கால்பந்துப் போட்டி கல்லெறியில் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் எனக்குப் புரிந்தது.

சேரம்பாடிக்கு அப்பால், கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கும் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. அதன் மருந்தகத்தில் அவர் செவிலியர். கைக்குழந்தைக்காரி முதல் கங்காணி வரை எல்லாருக்கும் அவர் 'சிஸ்டர்'. அன்னூர்ப் பக்கத்திலிருந்து மணமாகி மலையேறி வந்தவர். கணவர் எங்கள் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். வேலை தொடங்கவும் முடியவும் ஊதும் ஆலைச் சங்கு அந்தப் பிட்டரின் பொறுப்பில் இருந்தது. நான் அதே தொழிற்சாலையின் அலுவலகத்தில் எழுத்தன். போட்டிக் குழுவுக்கும் நானே செயலாளன்.

மருந்தகத்தில் அவர் வைத்திருந்த ஒரே சட்டம் வரிசை. மேலாளரின் ஓட்டுநர் தலைவலி மாத்திரைக்கு வந்தாலும், கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். தம் மாமியார் பல்வலியோடு வந்தபோதும் அவர் எழுந்து நின்று வரவேற்று, வரிசையின் கடைசி இடத்தைக் கையால் காட்டினார். "ஊட்டுல சோறு போடறவ, இங்க டோக்கன் போடறா" என்று அந்த அம்மாள் தொழிலாளர் குடியிருப்பான லைன் முழுவதும் சொல்லித் தீர்த்தார். அதையும் அவர் மறுக்கவில்லை. சொன்னது உண்மைதானே என்பதுபோல் இருந்துவிட்டார்.

அவரைக் கல்நெஞ்சக்காரி என்றவர்கள் உண்டு. ஆனால் படுக்கையோடு கிடந்த நோயாளிகளின் வீடுகளில் பேச்சு வேறாக இருந்தது. அடைமழையிலும் அவருடைய கறுப்புக் குடை பாதை வளைவில் தெரிந்தால் மணி பத்து என்று அங்கே உலை வைத்தார்கள். ஒருவருக்குச் சொன்ன சொல்லும் எல்லாருக்கும் சொன்ன விதியும் அவருக்கு வேறுவேறு அல்ல.

கல்லெறி நடந்த அந்த ஆண்டு எங்களுக்கு இருந்தது ஒரே திடல். ஒரு பிரிவில் நான்கு அணிகள். அவற்றுள் முதல் இரண்டு அரையிறுதிக்குப் போகும். கடைசி நாளில் முதல் ஆட்டம் முடிந்த பிறகு இரண்டாவது ஆட்டத்தைத் தொடங்கினோம். முதல் ஆட்டத்தின் முடிவு தெரிந்துவிட்டதால், இரண்டாவதில் இறங்கிய இரு அணிகளுக்கும் ஓர் உண்மை விளங்கிவிட்டது. ஆட்டம் சமனில் முடிந்தால் இருவருமே உள்ளே; வெளியே போவது கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது அணி. நடுவர் ஊதியது முதல் அவர்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தார்கள். கோல் பக்கம் ஒருவரும் போகவில்லை. முதல் கல் கரையிலிருந்து வந்தது.

அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து அவர் தைத்தார். ஒவ்வொரு தலையிடமும் அதே கேள்வி. ஒவ்வொரு தலையும் இன்னொருவனின் பெயரைச் சொன்னது. கைகழுவிவிட்டு வெளியே வந்தவர், அங்கே நின்றிருந்த என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க, ஒண்ணு முடிஞ்சதுக்கப்புறம் ஒண்ணுன்னு ஆட்டத்த வெச்சது யாருங்க?"

"கமிட்டிதான் சிஸ்டர். இருக்கறது ஒரு திடல்தானே."

"அப்ப இந்தத் தலையெல்லாம் கமிட்டி கணக்குலதானுங்க சேரும்."

மறுநாளே மேலாளர் திடலை மூடிவிட்டார். அந்த இடத்தில் புதுக் கன்றுகள் நடப்போவதாகப் பேச்சு எழுந்தது. ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் குறைசொல்லிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், பந்தை ஒருமுறைகூட உதைத்தறியாத அவர் மேலாளரின் அறைக்குத் தனியே போனார். இன்னும் ஓர் ஆண்டு வேண்டும் என்று கேட்டார். ஒரு தலை உடைந்தாலும் திடலைக் குழு மறுபேச்சின்றி ஒப்படைக்கும். அப்போது நடப்படும் முதல் கன்று தம் கையால் நடப்படும். இதைச் சொல்லிவிட்டு, விடையை வாங்கிக்கொண்டுதான் அந்த அறையிலிருந்து வெளியே வந்தார். எங்களிடம் செய்தியைச் சொன்னபோது அதில் வேண்டுகோளின் சாயலே இல்லை. "ஒரு வருசம் வாங்கியிருக்கேன். தலைக்குப் பொறுப்பு நானு. சட்டத்துக்குப் பொறுப்பு எல்லாரும்."

அந்தக் குளிர்காலத்தில் உலகக் கோப்பை நடந்தது. தொழிலாளர் மன்றத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால், ஆண்களின் கூட்டத்துக்கு நடுவில், கம்பளிச் சட்டையும் தலையில் மப்ளருமாக அவர் நாள் தவறாமல் வந்து உட்கார்ந்தார். பந்து எங்கே போகிறது என்பதில் அவருக்கு நாட்டமில்லை. எந்தப் பிரிவில் எந்த நாடு, எத்தனை புள்ளி, சமனானால் யார் மேலே, என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிரிவு ஆட்டங்களின் கடைசி நாள்களில் அலைவரிசையை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது; கூட்டம் சலித்துக்கொண்டது.

"ரெண்டு ஆட்டத்தையும் ஒரே நேரத்துல வெச்சா யாருங்க எதப் பாக்கறது?" என்றார் சிஸ்டர்.

உலகக் கோப்பையில் கடைசிச் சுற்று அப்படித்தான், ஒரு பிரிவின் இரண்டு ஆட்டங்களும் ஒன்றாகவே தொடங்கும் என்று யாரோ சொன்னார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "இப்படி ஒரு சட்டம் சும்மா வந்திருக்காதுங்க. எங்கியோ யாரோ அடிபட்டிருக்காங்க" என்றார்.

விசாரித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். முன்னொரு காலத்தில் இரண்டு நாடுகள், தங்கள் இருவருக்கும் ஏற்ற முடிவு கைக்கு வந்ததும், ஆடுவதை விட்டுப் பந்தைச் சும்மா உருட்டியிருக்கின்றன. மூன்றாவது நாடு வெளியேறியிருக்கிறது. எங்கள் திடலில் நடந்தது உலகத்தின் திடலிலும் நடந்திருக்கிறது. கல் மட்டும் பறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தின் அமைப்பை ஒரு மருத்துவ நூலைப் படிப்பதுபோல் அவர் கற்றுக்கொண்டார். இரண்டு அணிகள் சமமாக நின்றால் யார் மேலே என்பதை அவர் 'படி' என்று சொல்வார். முதல் படி புள்ளி. அது சமமானால் கோல் வித்தியாசம். அதுவும் சமமானால் போட்ட கோல்கள். பிறகு அந்த இருவரும் தங்களுக்குள் ஆடிய ஆட்டம். அதற்கும் பிறகு நன்னடத்தை, அதாவது முறைகேட்டுக்கு நடுவர் காட்டும் மஞ்சள் அட்டை யாருக்குக் குறைவோ அவர்கள். எதிலும் தீராவிட்டால் மட்டும், கடைசிப் படியாகக் குலுக்கல்.

மன்றத்தில் கூடிய குழுவில் இந்தப் படிகளை அவர் சொல்லி முடித்தபோது, அட்டைக்கெல்லாமா கணக்கு என்று சிரிப்பு எழுந்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் அவருடைய கொழுந்தனார், மேட்டு லைன் அணியின் தலைவர். மண்வெட்டி வேலை செய்து முறுகிய தோளும், இடக்காலில் இடியும் உடையவர். "அண்ணி, அந்தப் படி வரைக்கும் யாரு ஏறப்போறா? இருந்துட்டுப் போகட்டும், வெச்சுக்குங்க" என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள். விதி நிறைவேறியது. நடுவர்களுக்குரிய அட்டைகளை அவர் மருந்துப் பெட்டிகளிலிருந்து வெட்டினார். மஞ்சள் ஓர் இருமல் மருந்துப் பெட்டி. சிவப்பு ஒரு சத்து மருந்துப் பெட்டி.

அணிகளுக்கு நாட்டுப் பெயர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எட்டு அணிகளும் அர்ஜென்டினாவோ பிரேசிலோதான் வேண்டும் என்று நிற்பார்கள். அதிலேயே பாதிச் சண்டை பிறந்துவிடும். நாடுகளைச் சீட்டெழுதிக் கொழுந்துக் கூடையில் போட்டுக் குலுக்க வைத்தார் அவர். கடைவீதி அணிக்கு அர்ஜென்டினா விழுந்தது, வெடி வெடித்தார்கள். தொழிற்சாலை அணி கானா. மேட்டு லைன், ஜப்பான். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் வாழும் கீழ் லைனின் சீட்டைப் பிரித்துப் படித்தபோது கூட்டம் ஒரு நொடி அடங்கிவிட்டது. இங்கிலாந்து.

அந்த அணியைப் பழக்கிய பெரியவர் சீட்டை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "வெள்ளைக்காரத் தொரதான் எங்க பாட்டன கண்டிக்குக் கூட்டிப்போனான். இப்ப நாங்களே தொரயாகிட்டோம்" என்றார். சிரிப்பு அடங்கிய பிறகு, "வேற சீட்டு வேணுமாய்யா?" என்று யாரோ கேட்டார்கள். "எதுக்கு? எங்களுக்கு நாடு எப்பவும் மேல இருந்து குலுக்கித்தானே குடுத்தாங்க" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு ஆட்டங்கள் ஒன்றாகத் தொடங்க இரண்டு திடல்கள் வேண்டும். கீழே வயலோரம் ஒரு சதுப்பு நிலம் சும்மா கிடந்தது. எட்டு அணிகளும் முறைவைத்து ஞாயிறுகளில் அதை மேடுதட்டி, கற்பூர மரக் கழிகளால் கோல் கம்பம் நட்டன. அங்கே செல்பேசி எடுக்காது. இரண்டு திடலுக்கும் நடுவே இருந்த தொழிற்சாலையின் சங்கே கடிகாரமாயிற்று. நீண்ட ஊதல் ஒன்று கேட்டால் இரண்டு திடலிலும் ஆட்டம் தொடங்கும். இன்னொரு நீண்ட ஊதல் கேட்டால் இரண்டிலும் நிற்கும். மூன்று சிறு ஊதல் எங்கள் தோட்டத்தில் நெடுங்காலமாகவே யானைக்கு உரியது. அதை அவர் தொடவில்லை.

"கீழ ஆனை வந்தா?" என்று குழுவில் கேட்டார்கள். அது யானை போகும் தடம்தான்.

"வந்தா நிறுத்திக்கலாம்."

"மேல நடக்கறது?"

"அதையுந்தான்."

அதற்கும் கை தூக்கினார்கள். கை தூக்குவது எளிது. ஆட்டம் இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

எங்கள் பிரிவின் கடைசி நாள் வந்தபோது, அர்ஜென்டினா இரண்டு ஆட்டங்களையும் வென்று முன்னரே அரையிறுதிக்குப் போய்விட்டது. கானா இரண்டிலும் தோற்று வெளியேறிவிட்டது. மீதியிருந்த ஓரிடத்துக்கு ஜப்பானும் இங்கிலாந்தும், அதாவது மேட்டு லைனும் கீழ் லைனும். மேல் திடலில் ஜப்பான் அர்ஜென்டினாவோடு மோதியது; கீழ்த் திடலில் இங்கிலாந்து கானாவோடு. மேலாளரின் ஜீப்பு மேல் திடலின் ஓரத்தில் நின்றது. தலை ஏதும் உடைகிறதா என்று பார்க்கவே அது நிற்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாம் பாதியில் கொழுந்தனார் இடக்காலால் ஒரு கோல் அடித்தார். மேட்டு லைன் கரையெல்லாம் எழுந்து ஆடியது. அந்த ஆரவாரம் முற்றும் அடங்கும் முன்பே சங்கு கேட்டது. மூன்று சிறு ஊதல்.

எங்கள் ஆட்களுக்கு அந்த ஒலி பழகிப்போன ஒன்று. மேல் திடலில் ஒருவரும் தலையைத் திருப்பவில்லை, யானை கீழே. ஆனால் அதன் பின்னால் வந்திருக்க வேண்டிய நீண்ட ஊதல் வரவில்லை. அவர் தொழிற்சாலையின் புகைபோக்கியைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார். சங்கின் பிடியில் கைவைத்திருந்தவர் அவருடைய கணவர். முன்னணியில் இருந்தது கணவரின் தம்பி. பிட்டரின் கை ஏன் தயங்கியது என்பதை அங்கிருந்த எல்லாரையும்விட முதலில் உணர்ந்தவர் அவர்தான். குடையை எடுத்துக்கொண்டு, கோட்டைத் தாண்டி, ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தின் ஊடாக நடந்து, திடலின் நடு வட்டத்தில் போய் நின்றார்.

ஆட்டம் தானே நின்றது. ஸ்ரீமதுரையில் இஞ்சி பயிரிடும் நடுவர் ஊதலை வாயிலிருந்து எடுத்து, "சேச்சி, களி நிறுத்தணோ?" என்று, ஆட்டத்தை நிறுத்த வேண்டுமா என மலையாளத்தில் கேட்டார். சிஸ்டர் தலையசைத்தார். கொழுந்தனார் ஓடி வந்தார்.

"அண்ணி, வெளிய போங்க. இன்னுங் கொஞ்ச நேரந்தான் இருக்குது."

"சங்கு கேட்டுச்சா தம்பி?"

"அது ஆனைச் சங்கு. ஆனை கீழ இருக்குது. நாம மேல இருக்கறோம்."

"ஆட்டம் கீழயும் இருக்குது தம்பி."

"நம்ம லைன் ஜெயிக்கறது உங்களுக்கே ஆகலீங்களா?"

தூறல் விழத் தொடங்கியிருந்தது; அவர் குடையை விரித்துக்கொண்டார். கரையிலிருந்து, சொந்த வீட்டுக்கே சூனியம் வைக்கிறாள் என்று ஒரு பெண்குரல் கேட்டது. அதைவிடக் கடுமையான சொற்களும் வந்தன. கொழுந்தனார் காலடியில் கிடந்த பந்தை முழு வலிமையோடும் உதைத்தார். அது கரையைத் தாண்டித் தேயிலைக்குள் போய் விழுந்தது. இஞ்சிக்காரர் ஒரு கணம் சிஸ்டரைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இருமல் மருந்துப் பெட்டியின் மஞ்சள் அட்டையை எடுத்து உயர்த்தினார். அதன் பின்புதான், மிகவும் தாமதமாக, நீண்ட சங்கு ஊதியது.

கீழே ஒற்றைக் கொம்பன் ஒன்று கோலுக்குப் பக்கத்தில் நின்று புல்லைப் பிடுங்கி உதறித் தின்றுகொண்டிருந்ததாம். போகும்போது கம்பத்தில் முதுகைத் தேய்த்துச் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறது. வனக்காவலர்கள் வந்து விரட்டும் வரைக்கும் இங்கிலாந்தும் கானாவும் சாலையில் நின்றன. அவ்வளவு நேரமும் மேல் திடலின் நடுவில் அந்தக் குடை அசையாமல் நின்றது. பனி இறங்கி எதிர்க் கரையை மறைத்தது. ஆட்டக்காரர்கள் வியர்வை குளிர்ந்து நடுங்கினார்கள். மேலாளர் ஜீப்பிலிருந்து ஆளனுப்பி, மேல் ஆட்டத்தை மட்டுமாவது முடித்துவிடலாமே என்று கேட்டார். வந்த ஆளிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "கீழ இருக்கறவங்களுக்கு எத்தனை கோல் வேணும்னு இப்பவே தெரிஞ்சுபோச்சுன்னா, கானா பையனுகளுக்கு இனிமே ஜெயிச்சும் ஆகப்போறது ஒண்ணுமில்ல, கேட்ட கோலக் குடுத்துருவாங்க. போன வருசம் நான் தெச்சது இதத்தானுங்க."

சங்கு மறுபடி ஊதியபோது அவர் குடையை மடக்கிக்கொண்டு வெளியே வந்தார். வேறு பந்தால் ஆட்டம் தொடர்ந்தது. மேட்டு லைனின் கால்கள் விறைத்துப்போயிருந்தன. அர்ஜென்டினா ஒன்று போட்டது. முடிவதற்குச் சற்று முன்பு இன்னொன்று. ஏறத்தாழ அதே வேளையில் கீழே, நிமிர்த்தி முட்டுக்கொடுத்த அந்தக் கம்பத்துக்குள் இங்கிலாந்து ஒரு கோல் அடித்துக் கானாவை வென்றது.

கீழ் அணிகள் ஜீப்பில் மேலே வந்து சேர்ந்தன. முடிவு சொல்ல வேண்டியவர் அவர். ஒலிபெருக்கி இல்லை. குரலை உயர்த்தி, படிப்படியாகச் சொன்னார். ஜப்பானும் இங்கிலாந்தும் தங்களுக்குள் ஆடியது ஒன்றுக்கு ஒன்று என்று சமன். இருவரும் கானாவை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றவர்கள். இருவரும் அர்ஜென்டினாவிடம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றவர்கள். புள்ளி சமம். வித்தியாசம் சமம். போட்ட கோல் சமம். ஒவ்வொரு படிக்கும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. பிறகு, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், மஞ்சள் அட்டைகளில் இங்கிலாந்தைவிட ஜப்பானுக்கு ஒன்று கூடுதல் என்றும், ஆகவே அரையிறுதிக்குப் போவது இங்கிலாந்து என்றும் சொன்னார்.

அந்தக் கூடுதல் அட்டை எது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மேட்டு லைன் ஆண்கள் கரையில் ஒன்றாகத் திரண்டார்கள். சிலர் குனிந்து நிமிர்ந்ததை நான் பார்த்தேன். குனிந்தபோது வெறுமையாக இருந்த கை நிமிர்ந்தபோது வெறுமையாக இல்லை.

அப்போதுதான் கீழ் லைன் பெரியவர் முன்னால் வந்தார். "சிஸ்டரம்மா, ஒரு வார்த்த. யானை எங்க பக்கந்தான் வந்துச்சு. இவங்க கோவத்துல நியாயம் இருக்கு. அந்த அட்டய விட்டுருங்க. சீட்டுக் குலுக்கிப் பார்ப்போம். எங்களுக்கு அது பழக்கந்தானே."

வென்றவர்களே விட்டுக்கொடுக்கிறார்கள், அதை ஏற்றுக்கொண்டால் கல் கீழே விழுந்துவிடும். வாங்கிவந்த அந்த ஓராண்டும், திடலும், அவர் கொடுத்த வாக்கும் எல்லாமே காப்பாற்றப்பட்டுவிடும். ஏற்றுக்கொள்வார் என்றே நான் எண்ணினேன். ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் விரும்பினேன்.

"இல்லீங்கய்யா. சீட்டு கடைசிப் படி. அதுக்கு முந்தின படியிலயே தீர்ந்துபோச்சு. இன்னிக்கு நல்ல மனசுக்காகப் படியத் தாண்டினா, நாளைக்கு வேற எதுக்காகவோ தாண்டுவோம்" என்றார். பிறகு கரையை நோக்கித் திரும்பினார். "நான் சொன்ன கணக்குல தப்பிருந்தா இப்பச் சொல்லுங்க. கல்ல வீசறதுக்கு முந்திச் சொல்லுங்க. நான் இங்கயேதான் நிக்கறேன்."

எல்லாருடைய கண்களும் கொழுந்தனார் மேல் நின்றன. அவர் கை அசைந்தால் போதும். அவர் யாரையும் பார்க்கவில்லை. கரையை விட்டு இறங்கித் தேயிலைக்குள் போனார். இடுப்பளவுச் செடிகளுக்கு நடுவே பனியில் குனிந்தும் விலக்கியும் தேடிக்கொண்டிருந்தது தெரிந்தது. முழங்கால்வரை நனைந்து, தாம் உதைத்த அந்தப் பந்தோடு திரும்பி வந்து, அதை இங்கிலாந்து அணித் தலைவன் கையில் கொடுத்தார். "இந்தாப்பா. உங்களுக்கு இன்னும் ஆட்டமிருக்குது" என்றார். கரையில் ஒவ்வொன்றாகக் கற்கள் மண்ணில் விழும் ஓசை கேட்டது. மேலாளரின் ஜீப்பு கிளம்பிப் போயிற்று.

அடுத்த வாரம் இங்கிலாந்து அரையிறுதியில் தோற்றது. கோப்பையை வென்றது யார் என்று கேட்டால் இப்போது பலர் யோசித்துத்தான் சொல்வார்கள். தலை ஒன்றும் உடையவில்லை. திடல் திடலாகவே இருந்தது. அந்த வீட்டில் மட்டும் பேச்சு நின்றுபோயிற்று. கொழுந்தனார் பல நாள் நண்பன் வீட்டில் சாப்பிட்டார். முழங்காலில் சிராய்ப்புப் பழுத்தபோது மருந்தகத்துக்கு வந்து, ஒருவரும் சொல்லாமலே வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார். அவர் கட்டுப்போட்டார். எப்படி ஆயிற்று என்று அன்று மட்டும் கேட்கவில்லை. நீண்ட சங்கு ஏன் தாமதமாயிற்று என்று பிட்டரை நான் சீண்டியபோது, "அத ஏனுங்க கேக்கறீங்க. அன்னிக்கு ஊட்டுலயும் மூணு சின்னச் சங்குதான்" என்று சொல்லிவிட்டு இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

சிஸ்டர் ஓய்வுபெற்றுக் கணவரோடு அன்னூருக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. உலகக் கோப்பையில் நாடுகள் நாற்பத்தெட்டாகப் பெருகி, பிரிவுகள் பன்னிரண்டாகி, மூன்றாமிடம் பெற்றவர்களுள்ளும் சிறந்தவர்களுக்கு அடுத்த சுற்றில் இடமுண்டு என்று நாளிதழில் படித்தபோது, தொலைபேசியில் அவரிடம் சொன்னேன். "மூணாவதா வந்தவங்கள எப்படிங்க ஒப்பிடறது? ஒவ்வொருத்தரும் ஆடினது வேற வேற ஆளுகளோடதானுங்களே" என்றார். பிறகு, "அப்பக் கடைசிப் பிரிவுல ஆடறவங்களுக்கு மட்டும் எத்தனை வேணும்னு முன்னாலயே தெரிஞ்சிருக்குமே. இது ஆகாதுங்க. யாராச்சும் அடிபடுவாங்க" என்றார். உலகத்தை நடத்துபவர்களிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும் என்பதுபோல் இருந்தது அந்தக் குரல்.

ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் என் முன் வந்து நிற்பது அந்தக் குடை அல்ல. அதற்கு மறு ஆண்டு, போட்டிக்கு முன் மன்றத்தில் கூடிய முதல் கூட்டம். அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து, கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலால் அந்த ஆண்டுக்குரிய அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தார். கடைவீதி அணியிலிருந்து ஒருவர் எழுந்து, நன்னடத்தைப் படியை எடுத்துவிடலாம், போன முறை அதனால் வந்த மனத்தாங்கல் போதும் என்றார். பலர் தலையசைத்தார்கள். கீழ் லைன் பெரியவரும் மறுக்கவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை. விதியை வைக்கவும் எடுக்கவும் குழுவுக்கு உரிமையுண்டு. ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை.

பின்வரிசையில் சுவரோடு சாய்ந்திருந்த கொழுந்தனார் எழுந்தார். எடுத்துவிடு என்று சொல்ல அந்த மன்றத்தில் அவரைவிட உரிமை உடையவர் ஒருவருமில்லை.

"அது இருக்கட்டுங்க" என்றார். "நான் அதுலதான் தோத்தேன். இப்ப அத எடுத்துட்டீங்கன்னா, அப்புறம் நான் எதுல தோத்தேன்?"

மூலையில் கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றது. பிறகு மஞ்சள் அட்டையின் மீதி ஓரத்தை, நேராக, கடைசிவரைக்கும் வெட்டி முடித்தது.